இன்ஜின் மட்டுமே வேன் ஆகாது

பழைய ஆம்னி வேன் வாங்கப் போகிறவருக்குத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டும். மீட்டரைப் பார்க்க வேண்டும். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் சில்லறை வேலை. புரோக்கர் சொல்வதும் இதுதான், கூட வரும் உறவினர் சொல்வதும் இதுதான். இன்ஜின் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கும் என்பதே இதன் சாரம். இந்த எண்ணம் தவறானது. சிறிய வேனில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியது இன்ஜின். சரிசெய்ய மிகக் கடினமானது தகடு. எளிதில் மாற்றக்கூடியதை அரை மணி நேரம் ஆராய்ந்துவிட்டு, மாற்ற முடியாததை எட்டிக்கூடப் பாராமல் அட்வான்ஸ் கொடுக்கும் பழக்கத்தால் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சிறு தொழில் செய்பவர்கள்: தண்ணீர் கேன் போடுகிறவர், சமையல் கான்ட்ராக்டர், மைக் செட் வைத்திருப்பவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்.

ஆம்னியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அதன் கோளாறுகள் தாமாகவே விளங்கும். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறிய இந்த வண்டியில் இருப்பது மாருதி 800 காரில் இருந்த அதே 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் படுத்திருக்கிறது. அதன் பின்னால் 4 கியர் கொண்ட கியர் பெட்டி. அங்கிருந்து நீண்ட பிராப்பெல்லர் ஷாஃப்ட் பின் சக்கரங்களைத் திருப்புகிறது. பின்புறத்தின் பாரத்தை ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. 2010-ல் வந்த ஈகோவும் 1196 சிசி இன்ஜினோடு, இருக்கைக்கு அடியில் இன்ஜின், பின் சக்கர இழுவை என்ற இதே அடிப்படை அமைப்பைத்தான் பின்பற்றியது. 2019-ல் ஆம்னியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று கைமாறும் ஆம்னி ஒவ்வொன்றும் வயதான வண்டி. ஒவ்வொன்றும் பல வெயிலும் பல மழையும் கண்டது.

இன்ஜினே எல்லாம் என்று சொல்பவர்கள் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார்கள்: ஆம்னிக்கு எந்தப் பட்டிக்காட்டிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் வேலை பார்ப்பார். இந்த இரண்டாவது கூற்று முழு உண்மை. பல லட்சம் மாருதி 800 கார்களுக்கும் ஆம்னிகளுக்கும் பொதுவான இன்ஜின் என்பதால் பிஸ்டன் ரிங், பேரிங், வால்வு, கேஸ்கட் எல்லாம் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு. போர் தேய்ந்துவிட்டால் லேத் பட்டறையில் ரீபோர் செய்யலாம். அதுவும் வேண்டாம் என்றால் இன்னொரு வண்டியின் இன்ஜினை இறக்கி மாட்டி ஆர்சியில் பதிவு செய்துகொள்ளலாம். இந்த உண்மைதான் முதல் கூற்றைக் கவிழ்க்கிறது. சரிசெய்ய வழியுள்ள உறுப்பின் நிலை விலையைத்தான் தீர்மானிக்க வேண்டும். வாங்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது, சரிசெய்ய வழியில்லாத உறுப்பின் நிலை.

அந்த உறுப்பு உடல்தகடு. லாரிக்கு இருப்பது போன்ற தனிச் சட்டம் ஆம்னிக்குக் கிடையாது. தளத்தகடும், அதன் அடியில் நீளவாக்கிலும் குறுக்காகவும் பற்றவைத்த பெட்டிப் பட்டைகளும், பக்கச் சுவர்களும் சேர்ந்துதான் சட்டம். ஸ்பிரிங் பட்டையும் ஸ்டியரிங் பெட்டியும் சீட் பெல்ட்டும் இந்தத் தகட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. துரு இங்கே அழகைக் கெடுக்கும் கறை அல்ல. எலும்பை அரிக்கும் நோய். ஓட்டுநரின் கால்களுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் இடையில் இன்ஜின் இல்லை, ஒரு சாண் தகடுதான் இருக்கிறது. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளை இந்த உடலமைப்பால் நிறைவேற்ற இயலாது என்பதும் ஆம்னி நிறுத்தப்பட்டதற்குக் காரணம். முழுத் தகடோடு இருக்கும்போதே காப்பு குறைவான வண்டியில், இற்றுப்போன தகடு எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

துரு எங்கே பிடிக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். பார்க்கத்தான் ஆள் இல்லை. முன் கதவுகளைத் திறந்து கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். காலணி ஈரம் வருடக்கணக்கில் தேங்கும் இடம் அது. பக்கவாட்டில் தள்ளும் கதவின் கீழ்த் தடத்தில் மண்ணும் தண்ணீரும் சேரும். தடத்தின் மூலைகளை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பேட்டரி உட்காரும் தட்டில் அமிலம் சிந்தி அரித்திருக்கும். சக்கர வளைவுகளின் உட்புறம், கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரம், பின் கதவின் அடி விளிம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பிரிங் பட்டையின் இரு முனைகளும் தளத்தோடு சேரும் இடம் ஆகியவை அடுத்த கட்டம். வண்டியைப் பள்ளத்தின் மேலோ ஜாக்கியிலோ நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பெட்டிப் பட்டைகளைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீர் என்று ஒலிக்கும். இற்ற தகடு மொத்தென்று அமுங்கும். மேலே ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைத்திருந்தால், அடியில் உள்ள துரு அறுத்தெடுக்கப்பட்டதா மூடப்பட்டதா என்று கேட்டாக வேண்டும். மூடப்பட்ட துரு நிற்பதில்லை; ஒட்டின் ஓரம் பிடித்துப் பரவும்.

கடலோர வண்டிகளுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் ஓடிய வேன்களை உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் உருகிய ஐஸ் தண்ணீரும் உப்பும் உள்ளேயிருந்தும் அரிக்கும். இன்ஜின் புதுசு போல ஓடும் கடலோர வேன், புகை தள்ளும் கோயம்புத்தூர் வேனைவிட மோசமான வாங்கல். முதலாவதற்கு மருந்தில்லை, இரண்டாவதற்கு ஒரு வார வேலை போதும்.

பெயின்ட் பளபளப்பும் இதே வகை ஏமாற்றம். பட்டி பார்த்துப் புது வண்ணம் அடித்த வேனைப் பராமரித்த வண்டி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். விற்கும் நேரத்தில் அடித்த வண்ணத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். துணி சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டோரமாக நகர்த்தினால், பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும். கதவு இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவாக இல்லையென்றால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. முன்புறம் மோதி டிங்கரிங் செய்த ஆம்னியில் முன் தளமும் ஸ்டியரிங் பிடிப்பும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்காமல் மேற்கொண்டு பேசவே கூடாது.

அடுத்த நம்பிக்கை மீட்டர். குறைந்த கிலோமீட்டர் என்றால் குறைந்த தேய்மானம் என்று கணக்குப் போடுகிறார்கள். பழைய ஆம்னிகளில் மீட்டரைச் சுழற்றுவது கியர் பெட்டியிலிருந்து வரும் ஒரு கேபிள். கேபிள் அறுந்தாலும் கழற்றிவிட்டாலும் எண் நின்றுவிடும், வண்டி நிற்காது. மீட்டரைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. எண் உண்மையாகவே இருந்தாலும் அது ஓடிய தூரத்தை மட்டும் சொல்லும். சுமந்த பாரத்தையோ சும்மா நின்ற காலத்தையோ சொல்லாது. ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற வேனில் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டர்களை அரித்திருக்கும், பெட்ரோல் டேங்கின் அடியில் துருப்படிவு சேர்ந்திருக்கும். தினமும் ஓடி முறையாக ஆயில் மாற்றிய வண்டி, அதிகக் கிலோமீட்டர் காட்டினாலும் இதைவிட ஆரோக்கியமானது.

மீட்டர் மறைப்பதை மற்ற உறுப்புகள் ஒளிக்காமல் சொல்லும். பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, ஸ்டியரிங் வளையம் வழவழத்துப் போயிருக்கிறதா, ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். தள்ளும் கதவு ஆம்னியின் நேர்மையான சாட்சி. பள்ளிச் சவாரி அடித்த வண்டியில் அது ஒரு நாளைக்குப் பல பத்து முறை திறந்து மூடப்பட்டிருக்கும். உருளைகள் தேய்ந்து கதவு தொங்கும். மூடும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பூட்டு நாக்கு பாதியில் நிற்கும். குழந்தைகள் சாய்ந்து உட்காரும் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளாது என்ற உறுதி இல்லாத வண்டியைச் சில்லறை வேலை பாக்கி உள்ள வண்டி என்று சொல்வது பொறுப்பின்மை. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு உற்பத்தி வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும்.

மூன்றாவது நம்பிக்கை, சாவி போட்டவுடன் ஸ்டார்ட் ஆகிச் சீராக ஓடினால் இன்ஜின் சுத்தம் என்பது. இன்ஜினை மட்டும் பார்ப்பவர்கள் இன்ஜினையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆம்னி இன்ஜினின் முதல் எதிரி சூடு. இருக்கைக்கு அடியில் அடைபட்டிருப்பதால் காற்றோட்டம் குறைவு. ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. இடையிலுள்ள ரப்பர் குழாய்களில் ஒன்று கசிந்தாலும் தண்ணீர் வற்றும். கசிவு இருக்கைக்கு அடியில் நடப்பதால் யாருக்கும் தெரியாது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அலுமினிய ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போகும். இந்தக் கோளாறு முதல் ஐந்து நிமிடத்தில் வெளியே தெரியாது.

ஆகவே இன்ஜினைப் பார்க்க வேண்டிய முறை வேறு. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காத, கை வைத்தால் குளிர்ந்திருக்கும் இன்ஜினிலிருந்து தொடங்க வேண்டும். குளிர்ந்த நிலையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் துருநிறமா, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று காண வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே தண்ணீர்க் குழாய் கல்லாக இறுகினாலும், ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வந்தாலும், எரியறை வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஓடவிட்டபடியே வைத்து, ஃபேன் தானாகச் சுழலத் தொடங்குகிறதா, சூட்டு முள் நடுவில் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதையும், கறுப்புப் புகை பெட்ரோல் மிகுவதையும், வண்டி சூடான பின்னும் நிற்காத வெள்ளைப் புகை எரியறைக்குள் தண்ணீர் புகுவதையும் காட்டும். மூன்று சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்து அளந்தால் யூகத்துக்கே இடமில்லை. ஒன்று மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் வேலை காத்திருக்கிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சான்று இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். எம்பிஎஃப்ஐ (எரிபொருள் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு கழற்றப்பட்ட விளக்காக இருக்கலாம்.

நான்காவது, தெருவில் ஒரு சுற்று. காலி வண்டியை இரண்டாவது கியரில் சமதளத்தில் ஓட்டுவது வேனுக்குச் சோதனையே அல்ல. பாரம் இழுப்பதற்கு வாங்கும் வண்டியைப் பாரத்தோடு, மேம்பாலத்திலோ மேட்டிலோ ஏற்றிப் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்த, சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. காலை எடுத்ததும் கியர் நழுவி வெளியே வந்தால் கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும். லீவர் மட்டும் தளர்ந்து ஆடினால் இடையிலுள்ள புஷ்கள் தேய்ந்திருக்கின்றன. அது சிறிய வேலைதான். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் டக்கென்று தட்டினாலோ, வேகத்தில் தளம் அதிர்ந்தாலோ பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கிறது. அழுத்தும்போது ஒரு சுருதியும் விடும்போது வேறு சுருதியுமாகப் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பினியன். திருப்பத்தில் கூடிக் குறையும் உறுமல் சக்கர பேரிங்.

பின் சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. டிஃபரன்ஷியல் ஆயில் சீலைத் தாண்டி டிரம்முக்குள் இறங்கினால் பிரேக் ஒரு பக்கம் பிடிக்காது. வண்டி இழுத்துக்கொண்டு போகும். ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை சொருகியிருந்தால் அதைப் பலம் என்று விற்பவர் சொல்வார். அந்த வண்டி தாங்கக்கூடியதைவிட அதிகம் சுமந்தது என்பதற்கான ஒப்புதல் அது. அப்படிப்பட்ட வண்டியில் பட்டை பிடிக்கும் தகட்டில் விரிசல் தேடுவது கடமை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் அசைத்தால் பேரிங், பால் ஜாயின்ட்டின் தளர்ச்சியும், பக்கவாட்டில் அசைத்தால் டை ராடு எண்டின் தளர்ச்சியும் கையில் தெரியும். பத்து நிமிட வேலை.

ஐந்தாவது, கேஸ் போட்ட வண்டி லாபம் என்ற எண்ணம். ஆர்சியில் எரிபொருள் மாற்றம் பதிவாகாத கிட் லாபமல்ல, விபத்தில் காப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்கும் சுமை. சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். சோதனைத் தேதி பொறித்த தகடு இல்லாத சிலிண்டர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் ஆபத்து. சமையல் சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்து ஓட்டியதற்கான தடயம் இருக்கும் வண்டியைத் தொடவே கூடாது. உலர்ந்த எரிபொருளில் நெடுங்காலம் ஓடிய இன்ஜினில் வால்வு இருக்கைகள் தேய்வதால், பெட்ரோலிலும் கேஸிலும் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

எஃப்சி (தகுதிச் சான்று) ஆகிவிட்டது, அரசே சான்று கொடுத்துவிட்டது என்பது அடுத்த வாதம். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனையின் பேரில் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். அந்தச் சோதனை, வண்டி அன்றைய தினம் சாலையில் ஓடத் தகுதியானதா என்று மட்டுமே பார்க்கிறது. ஹெட் கேஸ்கட்டையோ கிரவுன் பினியனையோ அது பிரித்துப் பார்ப்பதில்லை. நேற்று அடித்த வண்ணத்துக்கு அடியில் நாளை விழப்போகும் ஓட்டையைச் சொல்வதும் அதன் வேலையல்ல. வெள்ளத்தில் மூழ்கியதும் சான்றிதழில் வராது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் எண்ணற்ற வண்டிகள் தண்ணீரில் நின்றன. இருக்கைத் தண்டவாளத்தின் துரு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் தெரியும் சேற்றுக் கோடு, விளக்குக்குள் படிந்த வண்டல், ஒயர் இணைப்புகளின் பச்சைக் களிம்பு ஆகியவை மூழ்கிய வண்டியைக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய வண்டியின் இன்ஜின் நன்றாகவே ஓடலாம். மின்சாரக் கோளாறுகள் மட்டும் முடிவில்லாமல் தொடரும்.

இத்தனையும் பார்த்தால் எந்தப் பழைய வண்டியையும் வாங்கவே முடியாது என்பது கடைசி மறுப்பு. கையில் குறைந்த பணத்தோடு வருகிறவரின் கவலை அது. அதற்கு மதிப்புத் தர வேண்டும். பழுதே இல்லாத பழைய வேன் இல்லை என்பதும் உண்மை. ஆனால் பழுதுகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. கிளட்ச் பிளேட், கிராஸ், சக்கர பேரிங், டை ராடு எண்ட், கதவு உருளை, ரேடியேட்டர், டயர் ஆகியவை விலை பேச உதவும் பழுதுகள். ஒவ்வொன்றுக்கும் பாகக்கடையில் விலை கேட்டு, கூலியைச் சேர்த்து, சொன்ன விலையிலிருந்து கழிக்கலாம். இன்ஜின் வேலையும் கியர் பெட்டி வேலையும்கூட இந்தக் கணக்குக்குள் அடங்கும், தொகைதான் பெரிது. பெட்டிப் பட்டைகளில் துரு, ஸ்பிரிங் பட்டையின் பிடிப்பில் விரிசல், மோதி வளைந்த முன் தளம், வெள்ளத்தில் மூழ்கிய ஒயரிங், பதிவில்லாத கேஸ் கிட் ஆகிய ஐந்தும் எந்த விலைக்கும் பேசக் கூடாதவை. இந்தப் பாகுபாடு வந்துவிட்டால், வாங்கத் தகுந்த வண்டிகள் குறையாது. புகை தள்ளுகிறது என்று மற்றவர்கள் ஒதுக்கிய, தகடு உறுதியான வேன்களும் கணக்கில் சேரும்.

எனவே வழக்கமான வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் அடித்தளமும் துருவும், அடுத்து மோதல், வெள்ளத் தடயங்கள், பிறகு பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் பட்டை, அதன்பின் குளிர்ந்த இன்ஜின், பாரத்தோடு ஓட்டம், சூடான பின் மீண்டும் இன்ஜின், இறுதியில் காகிதங்கள். தகட்டில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். சேஸிஸ் எண் இருக்கும் தகடே துருவில் அழிந்தோ வெல்டிங்கில் மறைந்தோ இருந்தால் பெயர் மாற்றமும் எஃப்சியும் நடக்காது. இன்ஜின் எண் மாறியிருந்தால் முறைப்படி பதிவு செய்து திருத்திக்கொள்ளலாம். சேஸிஸ் எண்ணுக்கு அப்படியொரு எளிய வழி இல்லை.